படிக்கிற பிள்ளை வேலை செய்யலாமா? கண்டியிலிருந்து ஒரு திருத்தம்

1

மூன்று வருஷங்களுக்கு முன்பு இதே பத்திரிகையில் நான் எழுதிய ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இதழ் என் அலுமாரியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். "இலங்கைக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள், படித்துக்கொண்டே வேலை செய்து சமாளிக்கலாம் என்று எண்ணி வரவேண்டாம். விதி இடம் தராது. அந்த விதியால் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் நானும் ஒருவன்." இப்படி மூன்று வாக்கியங்கள். முதலாவது தவறான யோசனை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பொய்.

ஒவ்வொரு வருஷமும் சித்திரை, வைகாசியில் நம் தாமிரபரணிக் கரையிலிருந்து தகப்பன்மார் எழுதுவார்கள். பையனைக் கண்டிக்கு அனுப்ப யோசனை, சாப்பாட்டுச் செலவுக்கு அவனே ஏதாவது பார்த்துக்கொள்ள வழியுண்டா என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நானும் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினேன். நகல்கள் வைத்திருக்கிறேன்: பதினொன்று. அந்தப் பதினொரு பிள்ளைகளில் எத்தனை பேர் என் பதிலால் வராமல் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

இந்த மாதம் ஏழாம் தேதியோடு நான் கண்டிக்கு வந்து இருபத்துநான்கு வருஷம் நிறைந்தது. வழக்கமாக அன்று பழைய நாட்குறிப்புகளின் தூசியைத் துடைத்துத் திரும்ப அடுக்குவேன். இந்த வருஷம் அதே நாளில் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதிலிருந்து தொடங்கினால் வரிசை தவறிவிடும். முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் இங்கே வந்தது வேலைக்கு அல்ல, படிக்க. அம்பிட்டியப் பக்கம் மலைச்சரிவில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ் ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் நம் நாட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு வயது பத்தொன்பது.

சேர்க்கைத் தாளை ஊரிலேயே நிரப்பினோம். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தகப்பனார் தொழில்" என்ற இடம் வந்ததும் நான் பேனாவை நிறுத்தினேன். அப்பா பிறர் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தவர். சித்தப்பா சற்றும் யோசிக்காமல், "மிராசுதார்னு போடுலே" என்றார். போட்டேன். வேற்று மனிதர் முன்னால் வீட்டைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரியே பாடசாலைக்கும் சொன்னோம். அதை ஒரு பொய் என்று அன்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வருஷம் மழை பொய்த்தது. அப்பாவிடமிருந்து எதுவும் வரவில்லை. பாடசாலை விதித்தாள் என் பெட்டியிலேயே இருந்தது. மாணவர் எவரும் ஊதியத்துக்கு வேலை செய்யக்கூடாது என்றது பதினோராம் விதி. வசதியில்லாத மாணவர் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டால் தக்க வேலைக்கு அனுமதி தரப்படும் என்றது பன்னிரண்டாம் விதி. இரண்டையும் படித்தேன். மிராசுதார் மகன் எப்படி வசதியில்லை என்று எழுதுவான்? ஆகவே கேட்கவில்லை. மாலை வேளைகளில் டவுனில் ஒரு கடைக்குப் போய், தோட்டத்து ஆட்களுக்கு ஊர்க்கடிதம் எழுதிக் கொடுத்தேன். பாடசாலையில் நண்பன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் இன்னொரு மாணவனைக் கடைத்தெருவில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றும், அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் பேச்சு வந்தது. அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது என் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. யாரும் விசாரிக்கவில்லை. ஊருக்கு எழுதியபோது, "விதிப்படி வெளியேற்றிவிட்டார்கள்" என்று எழுதினேன். பிறகு கலியாணமான மனைவியிடமும், பிறந்த மகளிடமும், உங்களிடமும் அதையே சொன்னேன்.

மலைத்தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பனியில் கிளாக்கராக, நம் ஊர்ச் சொல்லில் குமாஸ்தாவாக, வேலை கிடைத்தது. இன்றும் அதே மேசைதான்.

3

என் தம்பி ஊரிலேயே தங்கி அப்பாவின் குத்தகையைத் தொடர்ந்தவன். அவன் மகன் சண்முகத்தை அதே பாடசாலைக்கு அனுப்பப்போவதாகப் போன வருஷம் எழுதினான். அவனுக்கும் அந்த மூன்று வாக்கியங்களை எழுதினேன். அப்படியிருந்தும் அனுப்பிவிட்டான்.

மண்டபம் முகாமில் வைத்தியப் பரிசோதனை, கப்பல், தலைமன்னார் ரயில் எல்லாம் முடிந்து ஒரு காலை கண்டி ஸ்டேஷனில் இறங்கினான். தூங்காத முகம், ஆனால் சிரிப்பு. பாடசாலையில் பெயர் பதியும் தாளை என் மேசையில் வைத்துத்தான் நிரப்பினான். நான் தோளுக்குப் பின்னால் நின்றேன். "தகப்பனார் தொழில்" வந்தது.

"மிராசுதார்னு போடு" என்றேன். என் வாயிலிருந்து சித்தப்பா பேசியது போலிருந்தது.

அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "நமக்கு எங்க பெரியப்பா மிராசு? வரப்புகூட அடுத்தவன் வரப்பு." சொல்லிக்கொண்டே "குத்தகைக்குப் பயிரிடுபவர்" என்று எழுதினான். எழுத்து வளையவில்லை, மையும் சிந்தவில்லை. அன்று இரவு நாட்குறிப்பில் நான் எழுதியது: "சண்முகம் வந்து சேர்ந்தான். உயரம் என்னைவிட அதிகம். தாளைத் தவறாக நிரப்பினான்."

தவறாக என்று ஏன் எழுதினேன் என்று இப்போது தெரிகிறது. இருபத்துநான்கு வருஷம் நான் சுமந்த ஒன்றை அவன் கையில் எடுக்கவேயில்லை. அதற்குத்தான் கோபம்.

4

பாடசாலை விடுதியில் தங்கினான். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில், என் மனைவி செல்லம்மாள் கையால் சாப்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் எழுதிவைத்திருப்பதை இப்போது படித்தால் ஒரு பெரிய மனுஷன் எழுதியதாகத் தெரியவில்லை. "தோசை: எனக்கு நாலு, அவனுக்கு ஆறு. நெய் அவனுக்கு மட்டும்." "செல்லம்மாள் மூன்று முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். நான் கம்பனியிலிருந்து வரும்போது ஒரு முறைகூடப் பார்த்ததில்லை."

என் மகள் கமலத்துக்குப் பதின்மூன்று வயது. ஆங்கிலப் பாடசாலையில் படிக்கிறாள். அவளுடைய ஆசிரியை யாழ்ப்பாணத்தவர். ஆகவே என் மகள் "ஆமாம்" என்று சொல்வதில்லை, "ஓம்" என்பாள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளிடமிருந்து வந்தது "அனே", நம் "ஐயோ" மாதிரி. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். இரண்டு வருஷமாகத் தினமும் மாலை ஆறரை மணிக்கு அவளை உட்காரவைத்து வாசிக்கச் செய்தேன். குறிப்புகள் இருக்கின்றன: "அரைப் பக்கம், கண்ணீர்." "கால் பக்கம், தலைவலி என்றாள்."

சண்முகம் வந்த ஐந்தாவது ஞாயிறு, உள்ளே ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். அவன் இந்தப் பத்திரிகையின் பழைய இதழ் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வரி வாசிக்க, அவள் அடுத்த வரி வாசிக்கிறாள். இரண்டு பக்கம் முடிந்திருந்தது.

"என்னிடம் அரைப் பக்கத்துக்கு அழுதியே?" என்று கேட்டேன்.

"அனே அப்பா, அண்ணா வாசிக்கேக்க கதை மாதிரி இருக்கு. நீங்க வாசிச்சா சோதனை மாதிரி இருக்கு" என்றாள்.

செல்லம்மாள் சமையலறையிலிருந்து சிரித்தாள். சண்முகம் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்தது ஹனிபா நானாவின் கடை (நானா என்றால் அண்ணன்). அவர்கள் பல தலைமுறையாகக் கண்டியிலேயே இருக்கிற முஸ்லிம் குடும்பம். டவுனில் துணிக்கடை, கடைக்கு மேலே வீடு. பன்னிரண்டு வருஷமாக நான் அங்கேதான் துணி எடுக்கிறேன். நின்றுகொண்டே எடுப்பேன். சண்முகத்துக்கு ஒரு வேட்டி எடுக்க அவனைக் கூட்டிப் போனேன். அவன் ஏதோ கேட்டான், அவர் ஏதோ சொன்னார். அவர் மகனின் கணக்குக் கொப்பியை வாங்கிப் பார்த்து ஒரு கணக்கைத் திருத்திக் கொடுத்தான். இரண்டாம் முறை நாங்கள் போனபோது, "புள்ளைக்கி ஒரு கதிரை போடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார் நானா. கதிரை, அதாவது நாற்காலி, வந்தது. ஒரு கதிரை.

5

மாசியில் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. பயிர் போய்விட்டது, இனி விடுதிச் சாப்பாட்டுக்கு அனுப்ப முடியாது, வழியில்லையென்றால் பையனைக் கப்பலேற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தான். கடிதத்தைச் சண்முகத்திடம் கொடுத்தபோது என் மனத்தில் இருந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு நேர்ந்தது இவனுக்கும் நேர்ந்துவிட்டது, இனி சமம் என்று ஒரு நிம்மதி.

அவன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாளே தலைமையாசிரியரின் அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறான். அந்த வாரச் சனிக்கிழமையே ஒரு தாளோடு வந்தான். விதிகளையும் தன் கையால் எழுதி எடுத்து வந்திருந்தான். தகப்பன்மார் கேட்பது இதைத்தான் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன். இது ஒரு பாடசாலையின் விதி. மற்ற இடங்களில் மாறலாம்.

பாடசாலைக்குள்ளே நூலகம், தோட்டம், பண்டசாலை என்று சில வேலைகள் உண்டு. தலைமையாசிரியர் சொன்னால் போதும், வேறு தாள் வேண்டாம். ஆனால் இடங்கள் குறைவு. வெளியே என்றால் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். சனிக்கிழமையும், வாரநாளில் இரண்டு மாலையும், வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாமல். எந்த வீடு, எந்த நேரம் என்று எழுதிக்கொடுத்து, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு அனுமதித் தாள் பெற வேண்டும். ஒவ்வொரு படிப்புத் தவணைக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும். நீண்ட விடுமுறையில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகப் போகலாம். அதற்கு அந்தத் தோட்டத்துத் துரையின் கடிதம் முன்கூட்டியே வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. கடையில் நிற்பது, சொந்த வியாபாரம், வகுப்பு நேரத்தில் எந்த வேலையும் கூடாது. அனுமதித் தாளை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த நாட்டு வேலை இந்த நாட்டாருக்கே என்ற பேச்சு இப்போது பலமாக இருக்கிறது. யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட ஒரு தாள் இருப்பது நல்லது.

வெளிவேலைக்கு இன்னொன்றும் வேண்டும். கண்டியில் வீடுள்ள ஒரு பொறுப்பாளர், மாணவனுக்கு ஏன் வேலை தேவைப்படுகிறது என்று தன் கையால் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

"ஹனிபா நானா தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வரச்சொல்லியிருக்காரு பெரியப்பா. இதுல நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கணுமாம். இல்லேன்னா அடுத்த தவணைதான். அதுவரைக்கும் விடுதியில வச்சிருக்க மாட்டாக."

"வைத்துவிட்டுப் போ. விதியைச் சரிபார்க்க வேண்டும்" என்றேன்.

6

மேசை லாச்சியை இழுத்து, மைக்கூட்டுக்கு அடியில் வைத்தேன். கம்பனியில் ஒரு தாள் என் மேசையில் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. இது ஒன்பது நாள் கிடந்தது.

ஒவ்வொரு மாலையும் எடுத்துப் பார்த்தேன். "காரணம்" என்பதற்கு ஆறு கோடுகள் விட்டிருந்தார்கள். அங்கே நான் எழுத வேண்டியது: இவன் தகப்பன் குத்தகைக்குப் பயிரிடுபவன், வசதியில்லை. இவன் தகப்பனும் நானும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள். அதே பாடசாலையின் பழைய புத்தகத்தில் அந்தத் தகப்பன் மிராசுதார். இது ஒரு காரணம். ஆனால் இதுதான் காரணம் என்று சொன்னால் என்னை நானே நல்லவனாக்கிக்கொள்வதாகும். அவன் ஜெயிப்பதை நான் என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுதான் கை வரவில்லை.

இடையில் ஒரு நாள் கம்பனி வேலையாக டவுனுக்குப் போனபோது ஹனிபா நானா கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஆ, கிளாக்கர்! தம்பிட மகன் எப்ப வாற? எங்கட சின்னவன் கொப்பிய வெச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டீக்கான்."

"பாடசாலை அனுமதி வரவேண்டும் நானா."

"அதத்தான் அந்தப் புள்ளயும் செல்லிச்சி. பெர்மிட் இல்லாம படியேற மாட்டேன் எண்டு. நல்ல புள்ள. பிலிமத்தலாவைல எங்கட மச்சான் ஒரு வாத்தியாரச் செல்றாரு. நான் தான் வேணாம் எண்டு வெச்சீக்கேன். மாசம் முடியுற வரக்கிம் பாப்பேன், சரியா?"

சரி என்றேன். நின்றுகொண்டுதான்.

ஒன்பதாம் நாள் ஞாயிறு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். கமலம் ஒற்றுத்தாள் தேடி லாச்சியைத் திறந்தாள்.

"அப்பா, அண்ணாவின்ட தாள் இதுக்குள்ள கிடக்கு. நீங்க இன்னும் ஒண்டும் எழுதேல்லையே?"

செல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வெறுமையான கோடுகளைப் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை.

"ஒம்பது நாளா? கம்பெனில பெட்டி பெட்டியா கையெழுத்துப் போடுறீங்க. இதுக்கு ஒம்பது நாளா?"

"விதியைச் சரிபார்க்கிறேன்."

"உங்களை வெளியேத்துன விதிதானே? அது மனப்பாடமால்ல இருக்கும்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. நம்பித்தான் கேட்டாள்.

7

சண்முகம் பதினொரு மணிக்கு வந்தான். அன்று அவன் சாப்பாட்டுக்கு உட்காரவில்லை. என் மேசைக்கு எதிரே நின்றான்.

"பெரியப்பா, உங்களுக்கு எழுத இஷ்டமில்லேன்னா சொல்லிருங்க. தப்பா நெனைக்க மாட்டேன். பொறுப்பாளரா யார் வேணும்னாலும் இருக்கலாமாம். ஹனிபா நானா 'நான் போடுதேன்'ன்னாரு. உங்ககிட்ட கேக்காம வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

கதிரை போட்டவரே கையெழுத்தும் போடுவார். என் தம்பி மகனுக்கு.

"உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. "வீட்டில் ஒன்றும் இல்லை என்று போய் எல்லோர் முன்னாலும் நிற்கிறாயே."

"இல்லேங்கதைச் சொல்லத்தான பெரியப்பா அந்தத் தாளு?" என்றான். "ஊருக்குத் திரும்பிப் போய் நின்னாத்தான் வெக்கம். அதுவும் போக, எங்க அய்யா உங்க கதையத்தான் சொல்லி அனுப்புனாக. 'ஒளிச்சு வேலை பாக்காதல, அண்ணனை அப்படித்தான் வெளிய தள்ளிட்டாக'ன்னு. அதான் வந்த மறுநாளே விதித்தாளைக் கேட்டு வாங்கி முழுக்கப் படிச்சேன். நீங்க பட்டது எனக்கு வந்திரக் கூடாதுன்னு."

செல்லம்மாளும் கமலமும் கதவருகே நின்றார்கள். நான் உட்கார்ந்து பேனாவைத் தோய்த்தேன். ஆறு கோடுகளையும் நிரப்பினேன். மாணவனின் தகப்பன் குத்தகைக்குப் பயிரிடுபவர். இந்த வருஷம் விளைச்சல் இல்லை. மாணவனின் பாட்டனாரும் குத்தகைக்குப் பயிரிட்டவரே. அவருடைய மூத்த மகனாகிய நான் இதே பாடசாலையில் சேர்ந்தபோது மிராசுதார் என்று எழுதினேன், அது உண்மையல்ல. அனுமதி கேட்காமல் வேலை செய்தேன். யாரும் அனுப்பாமல் நானே வெளியேறினேன். இந்த மாணவன் கேட்கிறான். கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

சண்முகம் வாசித்தான். மறுபடியும் வாசித்தான். "பெரியப்பா, இவ்வளவு வேண்டாம். முதல் வரி போதும்."

"கோடுகள் மிச்சம் இருந்தன" என்றேன்.

செல்லம்மாள், "என்ன எழுதியிருக்கு?" என்றாள். தமிழில் சொன்னேன். கமலமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தும் செல்லம்மாள் நகரவில்லை.

"அப்போ யாரும் உங்களை அனுப்பலியா?"

"இல்லை."

"பதினெட்டு வருஷமா உங்க பள்ளிக்கூடத்துப் பெரிய துரையைத் திட்டிக்கிட்டு இருக்கேனே நான்" என்றாள். பிறகு சண்முகத்தைப் பார்த்து, "நீ உக்காருய்யா, இலை போடுறேன்" என்றாள். அன்று நெய் யாருக்கும் இல்லை.

8

அனுமதி செவ்வாய்க்கிழமையே கிடைத்தது. சண்முகத்தைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. எனக்குத்தான், ஏழாம் தேதி, பாடசாலையிலிருந்து கடிதம்: சனிக்கிழமை பத்து மணிக்கு வந்து போகவும்.

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படிகளில் ஏறினேன். படிகள் நாற்பத்தொன்று; நான் எண்ணி வைத்திருந்தது சரிதான். இப்போதைய தலைமையாசிரியர் யாழ்ப்பாணத்தவர். எழுந்து நின்று கதிரையைக் காட்டினார்.

"வாங்கோ, இருங்கோ. பயப்பட ஒண்டுமில்லை. நீங்கள் எழுதினதை வாசிச்சனான். பழைய பதிவெண்டாலும் பதிவு பதிவுதானே? பிழையெண்டு தெரிஞ்ச பிறகு அப்பிடியே விட ஏலாது. ஒரு கோடு போட்டு, மேலே சரியாய் எழுதி, பக்கத்தில ஒப்பம் வையுங்கோ."

ஒழுங்கான மனிதர். எனக்குப் பிடித்தது. சேர்க்கைத் தாள்களைச் சேர்த்துத் தைத்த புத்தகத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். என் பெயர், ஊர், பிறகு என் எழுத்தில் அந்தச் சொல். கோடு போட்டேன். மேலே "குத்தகை விவசாயி" என்று எழுதினேன். ஒப்பமிட விளிம்புக்குப் பேனாவைக் கொண்டுபோனபோது அங்கே பென்சிலில் ஏதோ இருப்பதைக் கண்டேன். பழைய வெள்ளைக்காரத் தலைமையாசிரியரின் எழுத்து. பெரிய துரை என்போம். மங்கியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"மாலையில் டவுனில் கடிதம் எழுதி வேலை செய்கிறான். சனிக்கிழமைகளில் யாரும் சொல்லாமலே நூலகத்தை அடுக்குகிறான். கேட்டால் நூலக வேலையைக் கொடுக்கலாம். அவனாகக் கேட்கட்டும்."

கீழே தேதி. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்பு.

"அது முந்தினவர் எழுதினது" என்றார் தலைமையாசிரியர், நான் அசையாமல் இருப்பதைப் பார்த்து. "அழிக்க வேணுமெண்டால் சொல்லுங்கோ."

"வேண்டாம்" என்றேன். ஒப்பத்தைப் பென்சில் எழுத்தின்மேல் படாமல் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த வருஷத்து நாட்குறிப்பை எடுத்தேன். அந்தத் தேதி இருந்தது. நான் எந்த நாளையும் விட்டதில்லை. எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மாலை ஐந்து மணி. படியில் பெரிய துரை எதிரே வந்தார். 'எல்லாம் சரிதானா?' என்று கேட்டார். 'சரி ஐயா' என்றேன். இன்னும் சற்று நேரம் நின்றார். ஏனென்று தெரியவில்லை. மழை."

9

பதினொரு தகப்பன்மாருக்கும் திருத்தக் கடிதம் அனுப்பிவிட்டேன். சிலருடைய பிள்ளைகள் இப்போது பெரியவர்களாகியிருப்பார்கள், இருந்தாலும் அனுப்பினேன். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு என் பதில் இனி இது: பையன் படித்துக்கொண்டே வேலை செய்யலாம். அளவோடு, தாளோடு, கேட்டுப் பெற்று. சேர்க்கைத் தாளில் வீட்டு நிலையை உள்ளபடி எழுதுங்கள். பின்னால் கேட்க வேண்டி வரும்போது அந்தச் சொல்தான் கைகொடுக்கும் அல்லது கையைப் பிடித்து நிறுத்தும்.

வரும் விடுமுறையில் சண்முகம் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். துரையின் கடிதம் வந்துவிட்டது. அந்தத் தோட்டத்துக்கு என் கம்பனிதான் சாமான் அனுப்புகிறது. பெயரைப் பெட்டிகளின்மேல் ஆயிரம் முறை எழுதியிருக்கிறேன், இடத்தைப் பார்த்ததில்லை.

போன வாரம் துணி எடுக்கப் போனபோது, "நானா, உட்காரலாமா?" என்று நானே கேட்டேன். ஹனிபா நானா திகைத்துவிட்டார். "என்ன கிளாக்கர் இப்பிடிக் கேக்கிய! நீங்க எப்பவும் ரயில் கோச்சிய புடிக்கப் போற ஆள் மாதிரியே நிக்கியதானே, இரிங்க எண்டு செல்லவே எனக்குப் பயம்" என்று சிரித்துக்கொண்டு தன் கதிரையையே தள்ளினார். உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்குச் சண்முகம் எங்கள் வீட்டு வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அனுமதித் தாள் நாலாக மடித்து சட்டைப்பையில் இருக்கும். கமலம் தெருமுனை வரை கூடப் போகிறாள். போகும்போதே கடைப் பலகைகளை உரக்க வாசிக்கிறாள், அவன் திருத்துகிறான். நான் ஜன்னலருகே மேசையில் உட்கார்ந்து மணியைக் குறித்துக்கொள்கிறேன்.

அவன்மேல் இருந்த பொறாமை போய்விட்டது என்று எழுதி முடித்தால் உங்களுக்கு வாசிக்க நன்றாக இருக்கும். அப்படி எழுதினால் அது இன்னொரு "மிராசுதார்."